அசலும் நடையும்

“மாத்தி வெச்சிருக்கான். வேற இன்னா?”

“மாத்தி வெச்சிட்டுப் போறதுக்கு அது இன்னா கோயில் வாசல்ல உட்ட செருப்பா?”

“சிரிக்காத அருணா. மேல பாரு. கத்தி வெச்சி வெட்டின மாதிரி இருக்குதா இல்லியா?”

“இருக்குது.”

“நான் எடுத்த ஃபைல் இப்படி இருக்காது. இதப் பண்ணவன் விஷயம் தெரிஞ்சவன். இந்த ரோட்டுல விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான்.”

“இன்னொருத்தர் ஊர உட்டுப் போயி மாசக்கணக்காச்சி. பேயா வந்து மாத்தினாரா?”

அறிவுச்செல்வன், மனைவி சொன்னதைக் காதில் வாங்காமல், கணினித் திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வந்த படம் அது. அருணாதேவி பாடிய பன்னிரண்டு பாட்டுகளைக் குறுந்தகடாக வெளியிட ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. அவன் அனுப்பிய ஃபைல்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் ஒரு பாட்டின் ஒலியைப் படமாக்கி அனுப்பியிருந்தார்கள். தாழ்ந்த ஒலிகள் கீழேயும் உயர்ந்த ஒலிகள் மேலேயுமாகப் பச்சையும் மஞ்சளும் கலந்த படம். உண்மையான பதிவாக இருந்தால் அதன் உச்சி மேகத்துக்குள் மலை கரைவதுபோல மெல்ல மெல்லக் கரைய வேண்டும். இதில் உச்சியே இல்லை. ஒரு நேர்கோட்டில் மலை முடிந்து, அதற்கு மேல் வெறும் கறுப்பு.

கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். நீங்கள் அனுப்பியவை ஏற்கெனவே எம்பி3யாகச் சுருக்கப்பட்டவை, பெரிதாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் பதிவு செய்தவற்றை அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம்.

அவனை ஏமாற்றுக்காரன் என்று அவர்கள் நினைத்துவிட்டதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பாட்டுகளை இனி ஒரு தடவை பாட முடியாது. தை மாதம் அருணாதேவிக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனது. குரல் பழையபடி இருக்குமென்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கட்டி போனது, உடம்பு தேறியது, பேச்சு வந்தது. மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. அந்த இடத்தை அடையும்போது குரல் காகிதம் கிழிவதுபோலக் கிழிந்து, பிறகு வெறும் காற்றாகிவிடும். இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை முயலவில்லை.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் தேங்காய் உடைக்கக் கற்றுக்கொண்டு நிற்கும் இளநீர் வண்டிக்கு எதிரே இருந்தது அவர்கள் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் தங்கள் சின்ன எம்பி3 பிளேயர்களையும் செல்போன் கார்டுகளையும் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை அறைந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அருணாவைப் பாட வைத்துப் பதிவு செய்தான். பஸ் போனால் நிறுத்த வேண்டும். தகரக் கூரையில் குரங்கு குதித்தால் நிறுத்த வேண்டும். வியர்வை புருவத்திலிருந்து ஒழுக அவள் பாடுவாள். மலையைப் பற்றி அவளே கட்டி, அவளே மெட்டுப் போட்ட பாட்டுகள்.

ஒவ்வொரு பாட்டையும் அவன் இரண்டு விதமாக வைத்திருந்தான். ஒரு ஃபோல்டருக்கு ‘அசல்’ என்று பெயர். இன்னொன்றுக்கு ‘நடை’, அதாவது மலை சுற்றி நடக்கிறவர்களுக்கானது. அசலில் இருப்பவை ஃப்ளாக் ஃபைல்கள். வாடிக்கையாளர்களுக்கு அவன் இப்படி விளக்குவான்: “ஃப்ளாக்னா புடவைய மடிச்சிப் பெட்டில வெக்கிற மாதிரி. எடம் கம்மியாவும். பிரிச்சா ஒரு நூலுகூடக் கொறையாது. எம்பி3 அப்படி இல்ல. உங்க காது கவனிக்காதுன்னு அதுவா முடிவு பண்ணி, முந்தானைய வெட்டிப் போட்டுடும்.” கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு எம்பி3யையே வாங்கிப் போவார்கள். வெட்டினால்தானே சின்ன பிளேயரில் நிறையப் பாட்டு பிடிக்கும்?

அந்த விளக்கம் தேவைப்படாத ஒரே ஆள் பலராமன். சென்னைக்காரர். போன வருஷம் பக்கத்து வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்துச் சில மாதங்கள் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டு, இது அசல், இது நடை என்று சரியாகச் சொல்வார். அருணாவின் மூன்றாம் பாட்டின் முடிவில், தூரத்தில் எங்கோ மயில் அகவுவதை முதலில் கவனித்தவர் அவர்தான். “அம்மா, இந்த எடத்துல உங்க குரல் ஏறினதும் பின்னால இருக்கற காத்துகூட மாறுது” என்று ஒருநாள் சொன்னார். அருணாதேவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அறிவுச்செல்வனுக்குப் பிடிக்கவில்லை. தன் காதுக்குக் கேட்காத ஒன்று இன்னொருவன் காதுக்குக் கேட்கிறது என்பதும் பிடிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு அவன் திரும்பியபோது, கடையில் பலராமன் தனியாக இருந்தார். அவருடைய கறுப்பு டிஸ்க் கணினியில் செருகியிருந்தது.

“நாகஸ்வரக் கச்சேரி ஒண்ணு கேட்டிருந்தீங்களே, அத உங்களுக்குக் குடுத்துட்டிருந்தேன்” என்றார்.

“நான் இல்லாதப்பவா?”

“நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு.”

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. எதை முடிக்க? டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்க்க, அவர் பையை நடுரோட்டில் கொட்டிக் காட்டச் சொன்னான். ஒரு துண்டு, பற்பசை, மடித்த வேட்டி, ஹெட்ஃபோன். டிஸ்கைத் திறந்து காட்டு என்றான்.

“காட்டறேன். காட்டினா நம்புவீங்களா? இன்னொரு டிஸ்க் எங்கன்னு கேப்பீங்க.” ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். துண்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டக்கூட நிற்கவில்லை.

பிறகு பார்த்தபோது நாகஸ்வரக் கச்சேரி கணினியில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைக் கொடுக்கிற சாக்கில் அருணாவின் அசல் பாட்டுகளை எடுத்திருப்பான் என்று அறிவுச்செல்வன் முடிவு செய்தான். அன்றிலிருந்து அசல் ஃபோல்டருக்குப் பூட்டு. அதன் பிரதி இருந்த வெளி டிஸ்க், பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசி டின்னுக்குள். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அருணாவின் கையில் அது இடறும். “உங்க புதையல்ல இன்னிக்கி ஒரு படி எடுத்துக்கட்டுமா?” என்பாள்.

இப்போது அந்தப் புதையலில்தான் மலையின் உச்சி காணாமல் போயிருந்தது.

“அறிவு! ஒரு ஜிபி கார்டு. எத்தினி பாட்டு புடிக்குமோ அத்தினியும் போடு.” ஆட்டோக்காரர் சின்னசாமி வாசலில் நின்றபடியே கார்டை மேஜைமேல் வீசினார். “இன்னாத்த அப்படிப் பாக்கற? மலைக்கு மொட்ட அடிச்சிருக்குதா?”

“போய்ட்டு அப்பறம் வா சின்னசாமி.”

“அடி அண்ணாமலைக்கு ட்ரிப்பு இருக்குது. அருணாம்மா பாட்டு எல்லாத்தயும் போடு. வண்டில ஏறறவங்க கேக்கறாங்க.”

“யாரு கேக்கறாங்க?”

“ஏறறவங்கதான்.”

“அதான் யாரு? எந்த ஊரு? பேரு இன்னா?”

சின்னசாமி அருணாதேவியைப் பார்த்தார். “இன்னாம்மா ஆச்சி இவனுக்கு? ஸ்டேஷன்ல சேந்துட்டானா?”

“நீங்க கார்ட உட்டுட்டுப் போங்கண்ணா. நான் போட்டு வெக்கிறேன்.”

ஆட்டோ கிளம்பும் சத்தம் தேய்ந்தது. அறிவுச்செல்வன் அசல் ஃபோல்டரைத் திறந்து, ஃபைல்கள் எப்போது உருவானவை என்று பார்த்தான். இதை ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை? பன்னிரண்டுக்கும் ஒரே நாள். பதிவு செய்த நாட்கள் அல்ல. கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் ஒரு நாள். முதலில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, தடயம் கிடைத்துவிட்டது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷம் வேறொரு பக்கம் திரும்பியது. தீபத்தின்போது பலராமன் ஊரில் இல்லை. டிஸ்க் அரிசி டின்னுக்குள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேர்தான்.

“அருணா.”

“உம்.”

“தீபம் முடிஞ்ச வாரம், நான் இல்லாத நேரம், கடைக்கு யாரு வந்தாங்க?”

“ஊரே வந்திச்சி.”

“பலராமன் வந்தானா?”

கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

“வந்தாரு.”

அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வீடு முழுக்க இருட்டு இருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“ஏன் சொல்லல?”

“அவர் பையக் கொட்டின மாதிரி என்னையும் கொட்டிக் காட்டச் சொல்லுவீங்கன்னுதான்.”

“கம்ப்யூட்டர்கிட்ட வந்தானா?”

“வாசப்படிகூட ஏறல. ரோட்டுல நின்னே பேசினாரு. நம்பர் குடுத்தாரு.”

“நம்பரா? எதுக்கு நம்பரு?”

“எதுக்குன்னு நீங்களே யோசன பண்ணி வெச்சிருப்பீங்க. அதயும் சொல்லிடுங்க.”

அவன் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். “நீதான் சொல்லு.”

அருணாதேவி துணியைப் பக்கெட்டில் போட்டாள். பேசும்போது அவள் கை தானாகக் கழுத்துத் தழும்பின் மேல் போனது. “மலை சுத்த வந்தாராம். கழுத்து வீக்கத்தப் பாத்துட்டு இன்னான்னு கேட்டாரு. ஆபரேஷன்னேன். அதுக்கு முன்னாடி எல்லாப் பாட்டயும் இன்னொரு தடவ பாடி வெச்சிடுங்கம்மான்னாரு. தேவப்பட்டா மைக் கொண்டாந்து தர்றேன், வீட்டுக்காரர் பேசலன்னாலும் பரவால்லன்னு நம்பர் குடுத்தாரு. அவ்ளோதான். அன்னிக்கி சாயந்தரமே உங்கள கேட்டேன், மறுபடி பாடட்டுமான்னு. நீங்க இன்னா சொன்னீங்க?”

அவனுக்கு நினைவிருந்தது. அசல் பத்திரமா இருக்கறப்ப மறுபடி எதுக்கு, தொண்டைக்கு ஓய்வு குடு என்று சொல்லியிருந்தான்.

“நான் கம்ப்யூட்டர தொட்டா என் கை ஈரம்னு திட்டுவீங்க” என்றாள். “அந்த வாரம் பூரா அதும் முன்னாடி உக்காந்திருந்தது நீங்க. நீங்க இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்களேன். நானும் கேக்கறேன்.”

“இன்னா பண்ணுவேன்? வேன்காரங்க சிடி கேட்டாங்க. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வந்த வேனுங்க. அதுல இருக்கற பிளேயர் எம்பி3 பாடாது. அதுக்குத் தனியா ஆடியோ சிடி போட்டுக் குடுத்தேன்.”

“எதுலேர்ந்து?”

“எதுலேர்ந்துன்னா?”

“அசல்லேர்ந்தா, நடைலேர்ந்தா?”

“அசல் பூட்டிக் கெடந்துச்சி. வாசல்ல கும்பல். அந்தக் கும்பல்ல எவன் பாக்கறான் எவன் பாக்கலன்னு தெரியாம அங்க பாஸ்வேர்டு போட முடியுமா? நடைலேர்ந்துதான் எடுத்தேன். அத வேவ் ஃபைலா விரிச்சி சிடில ஏத்தினேன். வேன்ல கேக்கறதுக்கு அது போதும்.”

“அப்பறம்?”

“அப்பறம் டிஸ்க் ரொம்பிடிச்சி. ஒரே பாட்டு மூணு மூணா கெடந்துச்சி. ராத்திரி அசல் பூட்டயும் தொறந்து கிளீன் பண்ணேன். உனக்குத்தான் தெரியுமே, சாப்பிடறப்ப சொன்னனே. ஒரே பேரு இருந்தா பெருசு இருக்கட்டும், சின்னது போவட்டும்னு சாஃப்ட்வேர்ல சொல்லி உட்டேன். நடைய மட்டும் தொடாதன்னேன். ஒரே அமுக்கு. பெருசுதான அசலு? எம்பி3 எப்பவும் சின்னதுதான. அப்பறம் இருந்த பெருச எல்லாம் திரும்ப ஃப்ளாக்கா மடிச்சி, அசல்ல...”

அவன் குரல் அங்கே நின்றது.

அருணாதேவி காத்திருந்தாள். அவன் நடை ஃபோல்டரைத் திறந்து, கைக்கு வந்த ஒரு பாட்டை எடுத்து வேவ் ஆக்கினான். பச்சைக் கட்டம் வலப்பக்கமாக ஊர்ந்து நிறைந்தது. பக்கத்தில் அதே பாட்டின் ஃப்ளாக் ஃபைலை வைத்தான். வேவ் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பல பேருக்கு அவனே சொன்ன விளக்கம்தான். மடித்து வைத்த முழுப் புடவை சின்னதாக இருந்தது. முந்தானை வெட்டிய புடவை, விரித்துப் போட்டதால் பெரிதாகத் தெரிந்தது. சாஃப்ட்வேர் அவன் சொன்னபடியே சின்னதைத் தூக்கிப் போட்டிருந்தது.

“அரிசி டின்ல இருக்கறது?” என்றாள் அருணாதேவி.

“அன்னிக்கே அதயும் எடுத்து இதும் மாதிரியே ஆக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு.”

“அப்போ எதுலயும் இல்லியா?”

“இல்ல.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டுவாள் என்றும். அவள் கடைக் கதவைச் சாத்தினாள். சாலையின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மேஜைமேல் இருந்த ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றாம் பாட்டின் முடிவைப் போடச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு தன் பாட்டை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள்.

“மயிலு இருக்குது. ஆனா தகரத்துல செஞ்ச மயிலு மாதிரி இருக்குது.” ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “நானும் அப்படித்தான் இருக்கேன்.”

“கம்பெனிக்காரங்ககிட்ட பேசிப் பாக்கறேன். இதையே போடச் சொல்லி...”

“கம்பெனி கெடக்குது. என் தொண்ட இன்னா, டவுன்லோடு பண்ணிக்கிற சாமானா? போன குரல் இதுல பத்திரமா இருக்குதுன்னு சொல்லிச் சொல்லித்தான என்ன தேத்தினீங்க?”

அவன் சின்னசாமியின் கார்டை எடுத்து விரல்களுக்கு நடுவே திருப்பிக்கொண்டிருந்தான். வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டு, மூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

“அப்ப அவரு திருடியிருக்கணும்” என்றாள் அருணாதேவி.

“இன்னா?”

“ஐப்பசில அசல் அசலாத்தான இருந்துச்சி? நீங்க கிளீன் பண்ணது அதுக்கப்பறம். அன்னிக்கி அவர் எடுத்திருந்தா, முழுசா எடுத்திருப்பாரு. அவர்கிட்ட இருக்கும்.”

அறிவுச்செல்வன் நிமிர்ந்தான். மூச்சு விடுவதுபோல இயல்பாக இத்தனை மாதம் நம்பி வந்த ஒன்று. பலராமன் எடுத்தான், அவனேதான் எடுத்தான். டீக்கடையில் சொல்லியிருக்கிறான், அருணாவிடம் சொல்லியிருக்கிறான், தனியாகக் குளிக்கும்போதும் சொல்லியிருக்கிறான். இப்போது அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், அது கையில் நிற்கவில்லை. ரோட்டில் குனிந்து பற்பசையைப் பொறுக்கிய மனிதனின் முதுகு கண்முன் வந்தது. திருடியவன் முதுகு அப்படி இருக்குமா? அவசரமே இல்லாமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல்?

“எடுத்திருக்க மாட்டாரோன்னு தோணுது” என்றான். முதல் தடவையாக அவர் என்று சொன்னதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

“நல்ல நேரம் பாத்துத் தோணுது உங்களுக்கு.” செல்போனை எடுத்து எண்ணைத் தேடினாள். “அவர் திருடனா இருக்கணும்னு இப்ப நான் சாமிய வேண்டிக்கணும். இப்படி ஒரு வேண்டுதல எவளாவது வெச்சிருப்பாளா?”

“நீயே பேசேன். உங்கிட்டன்னா...”

“எங்கிட்டன்னா இன்னா? இப்ப மட்டும் நான் அவர்கிட்ட பேசலாமா?” பொத்தானை அழுத்திப் போனை அவன் காதில் வைத்தாள். “ரோட்டுல நிக்க வெச்சவர் நீங்க. நீங்களே பேசுங்க.”

மணி அடித்தது. அறிவுச்செல்வன் தொண்டையைச் செருமினான். மறுமுனையில் எடுத்தார்கள். பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“பலராமன் சாரா? நான் திருவண்ணாமலைலேர்ந்து. அறிவுச்செல்வன்.”

தண்ணீர் நின்றது. அவர் போனை வைத்துவிடவில்லை.

“அன்னிக்கி நான் பேசினது தப்பு சார். அது இல்ல, அதுவும்தான், ஆனா அதுக்காக மட்டும் இல்ல.” அருணாதேவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க எல்லாம் போயிடிச்சி சார். நான்தான் அழிச்சிட்டேன். அருணாவுக்கு இனிமே பாட வராது. நீங்க அன்னிக்கி... எடுத்துக்கிட்டுப் போயிருந்தீங்கன்னா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். கொஞ்சம் அந்த டிஸ்க்க போட்டுப் பாருங்க. மூணாவது பாட்டு ஒண்ணாவது இருக்குதான்னு பாத்து அனுப்புங்க சார்.”